நிறுத்திவைக்கும் உரிமை: மருத்துவமனை நிர்வாகத்தினருக்குச் சரக்கு வாசலிலிருந்து ஒரு திறந்த மடல்

மருத்துவமனைகளை நடத்துகிற நிர்வாகத்தினருக்கும், துறைத் தலைவர்களுக்கும், கொள்முதல் பிரிவினருக்கும்,

வணக்கம்.

நான் ஒரு மருத்துவமனையின் பின்வாசலில் வேலை செய்கிறேன். லாரியிலும் வேனிலும் கூரியரிலும் வருகிற சரக்கை இறக்கி, எண்ணி, சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு, அந்தந்தத் துறைக்கு அனுப்புவது பாதி வேலை. வெளியே போக வேண்டியதைக் கட்டி, ஒட்ட வேண்டியதை ஒட்டி, ஏற்றி அனுப்புவது மீதி. எங்களை ரிசீவிங் என்பார்கள், ஸ்டோர்ஸ் என்பார்கள், சிலர் ‘கீழே இருக்கிற பசங்க’ என்பார்கள். அந்தப் பசங்களில் சிலர் பேரன் பேத்தி எடுத்தவர்கள்.

சம்பளத்தைப் பற்றி எழுத வரவில்லை. அதற்கு வேறு மடல் வேண்டும். நான் கேட்பது ஒரே ஒரு அதிகாரம். சந்தேகமான பொருளை, எவ்வளவு அவசரம் என்று யார் சொன்னாலும், வாசலிலேயே நிறுத்திவைக்கும் அதிகாரம். அது எழுத்தில் இருக்க வேண்டும்.

டிரைவர் நீட்டுகிற சலானில் ‘சரக்கு நல்ல நிலையில், சரியான எண்ணிக்கையில் பெறப்பட்டது’ என்ற மாதிரி ஒரு வரி அச்சடித்திருக்கும். அதன் கீழே கையெழுத்து விழுந்ததும் பொறுப்பு கைமாறிவிடும். நசுங்கல், ஈரம், உடைந்த சீல், குறைந்த எண்ணிக்கை எதுவானாலும் கையெழுத்துக்கு முன்பே சலானில் எழுதி, டிரைவரையும் அதில் கையெழுத்துப் போடவைக்க வேண்டும். மறுநாள் போன் போட்டால் ‘உங்க இடத்துலதான் விழுந்திருக்கும்’ என்பார்கள். நிரூபிக்க நம்மிடம் ஒன்றும் இருக்காது. கொள்முதல் ஆணை, நாங்கள் போடும் வரவுச் சீட்டு, விற்றவர் அனுப்பும் இன்வாய்ஸ் மூன்றும் பொருந்தினால்தான் பணம் போக வேண்டும் என்பது கணக்குப் பிரிவின் விதி. நடுவில் இருக்கும் அந்தச் சீட்டில் நாங்கள் எழுதும் எண்ணை நம்பித்தான் பணம் போகிறது. ஆனால் நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்கும், ‘சீக்கிரம் போடுங்க சார், அடுத்த இடத்துக்குப் போகணும்’ என்று டிரைவர் பேனாவை நீட்டுவார், மாடியிலிருந்து ‘இன்னுமா வரலை?’ என்று போன் வரும்.

பெரிய கருவிகள் வரும் மரப்பெட்டிகளில் அதிர்வு காட்டி, சாய்வு காட்டி என்று சின்னச் சின்ன ஒட்டிகள் இருக்கும். வழியில் பெட்டி பலமாக இடிபட்டால், சாய்க்கப்பட்டால், அவை சிவப்பாகும். சிவப்பைக் கண்டதும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் அந்த ஒட்டியிலேயே வழி எழுதியிருக்கும்: வாங்க மறுக்காதே, சலானில் குறித்துக்கொள், பிரித்துப் பார். ஆக, ஏற்பதற்கும் மறுப்பதற்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. பொருளை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் தகுதியானவர் பார்த்துச் சொல்லும்வரை யார் கையிலும் கொடுக்காமல் தனியே வைக்கலாம். நான் கேட்கும் அதிகாரம் இவ்வளவுதான்.

குளிர்ப்பெட்டிகளில்தான் இதன் தேவை நன்றாகத் தெரியும். பெரும்பாலான தடுப்பூசிகளும் திறக்காத இன்சுலினும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஐஸ் உருகிப்போய் வந்தால் எல்லோரும் பதறுவார்கள். உறைந்துபோய் வந்தால் ‘நல்ல ஜில்லுன்னுதானே இருக்கு’ என்று எடுத்துக்கொண்டு போவார்கள். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளைப் போல அலுமினிய உப்பு சேர்த்தவை ஒருமுறை உறைந்தால் கெட்டது கெட்டதுதான். அந்த உப்புத் துகள்கள் திரண்டு கட்டிதட்டும், வீரியம் குறையும், உருகிய பின் பழைய நிலைக்குத் திரும்பாது. இன்சுலினும் உறைந்தால் பயன்படாது. குப்பியை வெளியிலிருந்து பார்த்தால் குறை தெரியாமலே போகலாம். தடுப்பூசிக் குப்பியில் நிறம் மாறும் முத்திரை ஒன்று இருக்குமே, 1996-இல் போலியோ சொட்டுமருந்தில் முதலில் ஒட்டப்பட்டது, அது சூட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. கல்லாக உறைந்த ஐஸ் பேக்கைக் குப்பிகளோடு ஒட்டி அடுக்கி அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் அந்த அடுக்கை முதலில் பார்ப்பவர்கள் நாங்கள். மேலே போவதற்குள் யாராவது ஐஸ் பேக்கை எடுத்து எறிந்துவிடுவார்கள். அதோடு சாட்சியமும் போய்விடும். பார்த்ததைச் சொன்னால், ‘நீ என்ன பார்மசிஸ்டா?’ என்று கேட்கிறார்கள். இல்லை. அதனால்தான் முடிவை நான் எடுக்கிறேன் என்று கேட்கவில்லை.

பெட்டிக்குள் வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகர் வந்தால், பெட்டி கைக்கு வந்த உடனே அதை நிறுத்தி, பதிவைப் படித்து, நேரத்தைக் குறிக்க வேண்டும். நிறுத்தாமல் விட்டால் அது எங்கள் வாசலின் சூட்டையும் சேர்த்துப் பதிவு செய்துகொண்டே இருக்கும். பிறகு வரைபடத்தில் ஒரு மேடு தெரியும். அது வழியில் வந்ததா, நம் இடத்தில் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. விற்றவர் நம்மைக் காட்டுவார், நாம் விற்றவரைக் காட்டுவோம், மருந்து குப்பைக்குப் போகும். பல இடங்களில் வாசலில் லாகரைப் படிக்க ஒரு கணினி கிடையாது. ‘அதெல்லாம் பார்மசிக்காரங்க பார்த்துப்பாங்க’ என்பது வழக்கம். பார்மசியில் அந்த நேரம் யாரும் போனை எடுப்பதில்லை என்பதும் வழக்கம்தான்.

எல்லாவற்றையும் குளிரில் வைத்தால் தப்பில்லை என்ற நல்லெண்ணமும் ஆபத்து. ரத்தத் தட்டணுக்கள் 20 முதல் 24 டிகிரியில், அசைத்துக்கொண்டே வைக்கப்பட வேண்டியவை. ஆயுள் சில நாட்களே. ‘ரத்தம்’ என்ற எழுத்தைப் பார்த்த அவசரத்தில் சிவப்பணுப் பைகளோடு சேர்த்து ஃபிரிட்ஜில் தள்ளினால், யாரோ ஒருவர் கையை நீட்டிக் கொடுத்த தானம் வீண். ரத்த வங்கி உள்ள இடங்களில் இது நேராக அங்கேதான் போகும், போகவும் வேண்டும். ஆனால் இரவு நேரத்தில் வருகிற பெட்டியை வாங்குவது யார்? காவலாளி. அவருக்கு யார் இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள்?

உலர் பனிக்கட்டியை, அதாவது ட்ரை ஐஸை, 2020 முடிவில் ஃபைசர்-பயோஎன்டெக் கோவிட் தடுப்பூசி வந்தபோதுதான் பல துறைகள் திரும்பிப் பார்த்தன. எங்களுக்கு அது பழைய விருந்தாளி. லேப் பொருட்களோடு எப்போதும் வரும். மைனஸ் 78.5 டிகிரியில் அது தண்ணீராக உருகாமல் நேராகக் கரியமில வாயுவாக மாறும். வாயு காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். பல மருத்துவமனைகளில் எங்கள் இடம் தரைக்குக் கீழேதான். காற்று புகாமல் மூடினால் பெட்டி வெடிக்கும்; ஜன்னலில்லாத சின்னக் குளிர் அறையில் வைத்தால் உள்ளே போகிறவருக்கு மூச்சு முட்டும்; லிஃப்டில் ஆட்களோடு ஏற்றுவதும் சரியில்லை. பெட்டியின் மேல் யு.என். 1845 என்ற ஆபத்தான பொருளுக்குரிய எண்ணும் நிகர எடையும் எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. ‘சும்மா லிஃப்டுல போட்டு மேலே அனுப்புப்பா’ என்று சொல்பவருக்கு மறுப்புச் சொல்ல எனக்குத் துணையாக ஒரு காகிதம் வேண்டும்.

கதிரியக்க மருந்துகள் வரும் அணு மருத்துவப் பொட்டலங்களுக்கு நேரமே எதிரி. பெட் (PET) ஸ்கேனுக்கு வரும் ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அது வாசலில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் ஒரு நோயாளியின் ஸ்கேனிலிருந்து கழிகிறது. டெக்னீசியம்-99எம் என்றால் 6 மணி நேரம். இந்தப் பொட்டலங்களை நாங்கள் பிரிப்பதில்லை. ஒட்டியிருக்கும் அடையாளத்தைப் பார்க்கிறோம், நசுங்கியிருக்கிறதா ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கிறோம், சரியாக இருந்தால் கணமும் தாமதிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஈரமாக இருந்தால் தொடாமல், ஆட்களை விலக்கி நிறுத்தி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட வேண்டும். அந்த எண் பல வாசல்களில் சுவரில் ஒட்டியிருக்கும். ஒட்டியிருக்கும் எண்ணுக்குரியவர் வேலையை விட்டுப் போய் நாளாகியிருக்கும்.

அட்டைப்பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வாரந்தோறும் ஒருவராவது கேட்பார்: பெட்டியோடு மேலே அனுப்பினால் என்ன? அந்த அட்டைப்பெட்டி எத்தனையோ கிடங்குத் தரைகளிலும் லாரித் தரைகளிலும் கிடந்து வந்தது. அதன் நெளிமடிப்புகளுக்குள் தூசியும் பூச்சியும் பூஞ்சை வித்தும் தங்கும். உள்ளே இருக்கும் கிருமிநீக்கிய உறை சுத்தம். வெளியே இருக்கும் அட்டை தெருவில் புரண்டது. அதனால் வெளிப்பெட்டியைக் கீழேயே பிரித்து, உள்ளுறைகளைச் சுத்தமான டிராலியிலோ கூடையிலோ மாற்றித்தான் கிருமிநீக்கிய பொருள் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். இதற்குப் பிரிக்கும் இடம் ஒன்று தேவை. எங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் இப்போது இருப்பவை: காலுடைந்த கட்டில்கள், ஒரு பழைய எக்ஸ்-ரே மேசை, யாருக்கும் வேண்டாத நாற்காலிகள், போன ஆண்டு விழாவின் பேனர். மருத்துவமனையில் எந்தப் பொருளுக்கும் ‘எங்கே வைப்பது’ என்று தெரியாவிட்டால் அது எங்களிடம் வந்துசேரும். அதை எடுக்கச் சொல்லி எழுதினால் பதில் வராது.

இனி, முன்வாசல் வழியாக வருகிற சரக்கு. மூட்டு மாற்று அறுவைக்கும் முதுகெலும்பு அறுவைக்கும் வேண்டிய கருவித் தட்டுகளைக் கம்பெனிகள் கடனாகக் கொடுக்கின்றன. கம்பெனிப் பிரதிநிதி அவற்றைக் கார் டிக்கியில் வைத்து, அறுவைக்கு முந்தைய மாலை, நேராக மேல் மாடிக்குக் கொண்டுபோகிறார். எங்கள் பதிவேட்டில் அது இல்லவே இல்லை. முந்தைய மருத்துவமனையில் பயன்பட்ட தட்டு அது. கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவான சி.எஸ்.எஸ்.டி. அதைப் பிரித்து, கழுவி, ஒவ்வொரு கருவியாகச் சரிபார்த்து, கிருமிநீக்கம் செய்ய நேரம் வேண்டும். இரவு வந்த தட்டுக்குக் காலை முதல் கேஸ் என்றால் அவர்கள் எந்தப் படியைத் தாண்டுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உடம்புக்குள் வைக்கும் பொருள்களும் சில நேரம் இதே வழியில் வருகின்றன. எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் பேட்ச் எண் பதிவாகாமல் ஒருவருடைய இடுப்பில் போய் உட்கார்ந்த பொருளை, நாளை அந்த பேட்ச் திரும்பப் பெறப்பட்டால், எங்கே தேடுவீர்கள்?

திரும்பப் பெறுவது எப்போதோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2008-இல், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் மருந்தில் கலப்படப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டு, பல நாடுகளில் அது திரும்பப் பெறப்பட்டது. அப்படி அறிவிப்பு வரும் அன்று மருத்துவமனை கேட்கும் கேள்வி ஒன்றே: இந்த எண்ணுள்ளது நம்மிடம் வந்ததா, எங்கே இருக்கிறது? வரும்போதே எண்ணைப் பதிந்திருந்தால் பதில் சில நிமிடத்தில். இல்லையென்றால் வார்டு வார்டாக அலமாரியைத் திறந்து பார்க்க வேண்டும். அமெரிக்கா 2013-இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2017-இலும் மருத்துவக் கருவிகளுக்குத் தனி அடையாள எண் விதியைக் கொண்டுவந்தன. காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அந்தப் பார்கோடுக்குள்ளேயே இருக்க முடியும். ஒரு ஸ்கேனரும் அதைப் புரிந்துகொள்ளும் மென்பொருளும் இருந்தால் போதும். எங்களில் பெரும்பாலோர் இன்னும் அந்த எண்ணைக் கண்ணைச் சுருக்கிப் படித்து நோட்டில் எழுதுகிறோம். அது 8-ஆ, B-யா என்று இரண்டு பேர் நின்று பார்க்கிறோம்.

தட்டுப்பாடு வரும்போது இன்னும் கவனம் வேண்டும். 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியதும் அமெரிக்கா முழுக்கச் சிறிய சலைன் பைகளுக்குத் தட்டுப்பாடு. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வெள்ளம் வட கரோலினாவில் ஒரு ஆலைக்குள் புகுந்தது. அந்த நாட்டில் ரத்தநாளம் வழியே ஏற்றும் திரவத்தில் சுமார் 60 சதவீதம் அங்கேதான் தயாரானது. அப்படிப்பட்ட நாட்களில் வழக்கமான பெட்டி வராது. வேறு கம்பெனி, வேறு நிறம், வேறு அடர்த்தி, சில நேரம் வேறு மொழியில் லேபிள். ஒரே மாதிரி ஆம்பூலில் ஒன்று கிருமிநீக்கிய நீராகவும் இன்னொன்று அடர் பொட்டாசியம் குளோரைடாகவும் இருக்கலாம். மாறினால் உயிர் போகும். முன்பின் தெரியாத விற்பனையாளர்களும் அப்போதுதான் முளைப்பார்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்தில் ஒரு மருத்துவப் பொருள் தரமற்றதோ போலியோ என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. போலியைக் கண்டுபிடிக்கும் முதல் தடயங்களுக்கு ஆய்வகம் தேவையில்லை: வெளிப்பெட்டியில் ஒரு பேட்ச் எண், உள்ளே குப்பியில் வேறு எண், அச்சில் எழுத்துப்பிழை, ஒருமுறை பிரித்து மறுபடி ஒட்டிய சீல். வருடக்கணக்கில் ஒரே பெட்டியைத் தூக்கியவனுக்கு அதன் எடை மாறினால் கையே சொல்லும். அதைச் சொல்ல ஒரு இடம் வேண்டும், கேட்க ஒரு காது வேண்டும்.

அனுப்பும் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம். வெளி லேபுக்குப் போகும் மாதிரிகளுக்கு மூன்று அடுக்கு உறை: கசியாத குழாய், அதைச் சுற்றி மொத்தத் திரவத்தையும் உறிஞ்சும் பொருள், கசியாத இரண்டாம் உறை, அதற்கு வெளியே உறுதியான பெட்டி, அதில் யு.என். 3373. எங்களுக்கு வருவதோ டேப் சுற்றிய தெர்மாகோல் டப்பாவும், ‘இன்றே அனுப்பவும்’ என்ற துண்டுச் சீட்டும். உள்ளே என்ன என்று கேட்டால் கோபம். விமானத்தில் ஆபத்தான பொருளைக் கட்டி அனுப்புகிறவர் 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற வேண்டும் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்து விதி. அந்தப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் ‘பார்சல் கட்ட எதுக்குப் பயிற்சி?’ என்கிறார்கள். பழுதுபார்க்கப் போகும் இன்ஃபியூஷன் பம்ப், அதாவது மருந்தை அளவாக ஏற்றும் கருவி, ரத்தக் கறையோடு, உப்பிய லித்தியம் பேட்டரியோடு வருகிறது. கிருமிநீக்கம் செய்த சான்று இல்லாமல் அதை நான் பெட்டியில் வைத்தால், மறுமுனையில் திறப்பவரும் என்னைப் போன்ற ஒரு தொழிலாளிதான்.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும். நோயாளி மேசையில் இருக்கிறார், கீழே ஒருவன் பெட்டி நசுங்கியிருக்கிறது என்று உட்கார்ந்துகொண்டால் என்ன ஆவது? நியாயமான பயம். நல்ல பெட்டியையும் நாங்கள் சில நேரம் நிறுத்திவிடுவோம், அதில் ஒரு கேஸ் தள்ளிப்போகவும் கூடும். அதனால்தான் நிறுத்துவதை மட்டும் எங்களிடம் கொடுங்கள் என்கிறேன். விடுவிப்பது பார்மசிஸ்டோ, பயோமெடிக்கல் பொறியாளரோ, சி.எஸ்.எஸ்.டி. பொறுப்பாளரோ, அவரவர் பொருளுக்கு அவரவர். விடுவிக்கிறவர் பெயர், நேரம், காரணம் மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். போனில் ‘பரவாயில்லை அனுப்பு’ என்று சொல்லும் குரல்களில் பாதி, கையெழுத்து என்றதும் கீழே இறங்கி வந்து பெட்டியைப் பார்க்கும். பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால் எங்களுக்கும் மகிழ்ச்சிதான்.

இதற்குச் செலவு அதிகம் ஆகாது. பூட்டக்கூடிய ஒரு கூண்டு, அதே போல நிறுத்திவைத்த பொருளுக்கென்று வெப்பநிலை பதிவாகும் ஒரு ஃபிரிட்ஜ், லாகரைப் படிக்க ஒரு கணினி, ஸ்கேனர்கள். ஒவ்வொரு துறையிலும் இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், மாதம் ஒருமுறை யாராவது அதைச் சரிபார்ப்பது. கம்பெனிப் பிரதிநிதி யாராக இருந்தாலும், எந்த டாக்டரின் நண்பராக இருந்தாலும், பின்வாசலில் பதிந்துவிட்டுத்தான் பொருள் மேலே போகும் என்று ஒரு சுற்றறிக்கை. இரவுக் காவலாளிக்கு ஒரு நாள் பயிற்சி, அல்லது இரவில் எங்களில் ஒருவர். தொற்றுத் தடுப்புக் குழுவிலும் பொருள் திரும்பப் பெறும் குழுவிலும் எங்களுக்கு ஒரு நாற்காலி. கட்டில்களையும் எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

முதுகைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்குவதற்கு மேல்வரம்பு 23 கிலோ என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் சூத்திரம் சொல்கிறது. குனிந்தும் திரும்பியும் எட்டியும் தூக்கினால் அது இன்னும் குறையும். எங்கள் இடத்தில் சாதகமாக இருப்பது எதுவுமில்லை. ஒரு லிட்டர் சலைன் பைகள் பன்னிரண்டு உள்ள பெட்டியே 12 கிலோவைத் தாண்டும், அது பாலெட் பாலெட்டாக வரும். இறக்குவதற்கே ஆள் போதாத வாசலில் சரிபார்ப்பதற்கு ஆள் எங்கிருந்து வரும்? நிறுத்திவைக்கும் அதிகாரத்தைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு ஆளைக் குறைத்தால், அந்தக் காகிதத்தை எடுத்துப் படிக்கவும் எங்களுக்கு நேரம் இருக்காது.

முடிவெடுக்கும் முன் ஒருமுறை நேரில் வந்து பாருங்கள். நீண்ட விடுமுறை முடிந்த மறுநாள் காலை வந்தால் நல்லது. தேங்கிய சரக்கெல்லாம் அன்றுதான் ஒன்றாக வரும். மூடிய காலணி அணிந்து வாருங்கள். லாரி பின்னால் எடுக்கும்போது மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். கூட யாராவது வருவதானால் பார்மசித் தலைவரையும் அழைத்து வாருங்கள், போன் எண்ணை நேரில் வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சரக்கு பெறும், அனுப்பும் பிரிவில் வேலை செய்யும் ஒருவர்